'தாது வருஷத்துலயும்தானே மழை பொய்ச்சது?' – புவி வெப்பமாதல் சர்ச்சையும் விவசாயிக்கான விடையும்

புவி வெப்பமாதல் பற்றிப் பேச்செடுத்தால் போதும், எந்த ஊர்க் கூட்டமும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. ''முன்ன மாதிரி மழையும் இல்ல, பனியும் இல்ல. எல்லாம் தலைகீழாப் போச்சு'' என்கிறது ஒரு தரப்பு. ''தாது வருஷத்துலயும்தானே மழை பொய்ச்சது? அப்ப என்ன ஊரெல்லாம் காரும் ஃபேக்டரியுமா இருந்துச்சு?'' என்கிறது இன்னொரு தரப்பு. டீக்கடையில் நடக்கும் இதே வழக்குதான் அமெரிக்க நாடாளுமன்றத்திலும் பல வருடங்களாக நடந்துவருகிறது.

இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒருவர் எழுந்து, ''நிஜமோ, பொய்யோ... நாம நட்டாத்தான் அறுக்க முடியும். நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு?'' என்பார். இந்த மூன்றாவது பேச்சுதான் விவசாயிக்கு அதிக நஷ்டம் தரக்கூடியது. வெப்பமாதல் பொய் என்றால், அப்பா, தாத்தா விதைத்த அதே பட்டத்தில், அதே ரகத்தை விதைப்பதுதான் புத்திசாலித்தனம். நிஜம் என்றால், அந்தப் பட்டமும் ரகமுமே நம் காலை வாரிவிடலாம். ஒரு போகத்துக்கான விதை, உழவு, நடவுக்கூலி, வாங்கிய கடன் எல்லாமே இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைச் சார்ந்திருக்கின்றன. அதனால், வழக்கமாகக் கேட்கப்படும் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சான்றுகளை வைத்துப் பார்ப்போம்.

'வறட்சியும் வெயிலும் எப்பவும் உள்ளதுதானே?'

உண்மைதான். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவையே உலுக்கியது தாது வருஷப் பஞ்சம். அந்தப் பஞ்சம் நீண்டதற்கு, 1877-ம் ஆண்டு பசிபிக் பெருங்கடலில் உருவான கடுமையான 'எல் நினோ' முக்கியக் காரணம். அந்தக் கடல்நீர் வழக்கத்தைவிட சூடானால், நம் பருவமழை பல வருடங்களில் குறைந்துபோகும். மக்கள் பட்டினி கிடந்தபோதும் ஆங்கிலேய அரசு தானிய ஏற்றுமதியை நிறுத்தவில்லை என்பது இன்னொரு காரணம். இதில் கரியமில வாயுவின் மீது பழிபோட எதுவும் இல்லை.

ஆக, வறட்சி வந்ததா, வரவில்லையா என்பது கேள்வியே இல்லை. கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மேலே வரும். சித்திரையில் இறங்கும். ஒரு நல்ல மழை வருடத்தில் மேட்டுக் கிணறுகூட வழியும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நிலத்தடி நீர் கூடிவிட்டது என்றோ, வற்றிவிட்டது என்றோ யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று 30 வருடம் குறித்து வந்தால்தான், கிணறு இறங்குகிறதா, இல்லையா என்று தெரியும். ஒரு நாள் வெயிலும் ஒரு வருடத்து மழையும் வானிலை. 30 வருடத்துக் குறிப்பு காலநிலை.

அந்தக் குறிப்பு என்ன சொல்கிறது? 1901 முதல் 2018 வரையிலான காலத்தில், இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு இது. நம்மைச் சுற்றியுள்ள இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில், 1951 முதல் 2015 வரை கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் 1901-லிருந்து வைத்திருக்கும் கணக்கில், 2024-தான் நாட்டிலேயே மிக வெப்பமான ஆண்டு. உலக அளவில் 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டுகளும்தான் 2024 வரை பதிவானவற்றிலேயே சூடான பத்து ஆண்டுகள். கிணற்றின் சித்திரைப் படி வருடா வருடம் இறங்கிக்கொண்டே போவதுபோன்ற கணக்கு இது.

'ஒரு டிகிரி கூடினா என்ன குடிமுழுகிடும்?'

காலையில் 25 டிகிரி, மதியம் 36 டிகிரி என்று ஒரே நாளில் 11 டிகிரி வித்தியாசத்தைப் பார்க்கிறோம். அப்படியிருக்க, ஒரு டிகிரிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றுவது இயல்பு. ஆனால், சராசரியில் ஒரு டிகிரி என்பது வேறு. உடம்புச் சூடு இரண்டு டிகிரி கூடினால் படுத்துவிடுகிறோம் இல்லையா? வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் பனிப்பாறைக்கு அடியில் கிடந்த பனியுகத்தில்கூட, பூமியின் சராசரி வெப்பம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 6 டிகிரிதான் குறைவு.

தவிர, சராசரி கொஞ்சம் நகர்ந்தாலும், கடும் வெயில் நாட்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடிவிடும். காற்று 1 டிகிரி சூடானால், அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவிகிதம் அதிகரிக்கும். அதனால், மண்ணிலிருந்து ஈரம் வேகமாக உறிஞ்சப்படுகிறது. மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கவும் வாய்ப்பு கூடுகிறது. மழை நாட்கள் குறைந்து, பெய்யும் நாளில் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

'மனுஷன்தான் காரணம்னு எப்படிச் சொல்றாங்க?'

இது நேற்று முளைத்த கதை இல்லை. பூமியைச் சுற்றியுள்ள காற்று, போர்வைபோல வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூரியர் 1824-லேயே எழுதினார். கரியமில வாயு அடைத்த குழாய் வெயிலில் அதிகமாகச் சூடாவதை 1856-ல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட் சோதித்துக் காட்டினார். சில வருடங்களில் பிரிட்டனைச் சேர்ந்த டின்டால் அதைத் துல்லியமாக அளந்தார். நிலக்கரியை எரித்துக்கொண்டே போனால் பூமி சூடாகும் என்று, ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அர்ஹீனியஸ் 1896-ல் காகிதத்தில் கணக்குப் போட்டார். அப்போது நம் ஊர்களுக்கு மின்சாரம்கூட வரவில்லை.

1958-ல் ஹவாய் தீவில் உள்ள மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தென் துருவப் பனியில் சிக்கியுள்ள பழங்காலக் காற்றுக் குமிழிகளைச் சோதித்துப் பார்த்ததில், கடந்த 8 லட்சம் வருடங்களில், தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு அது ஒருபோதும் 300-ஐத் தாண்டியதில்லை என்று தெரியவந்தது.

கூடியிருக்கும் வாயு நிலக்கரி, பெட்ரோல், டீசலிலிருந்து வந்ததுதான் என்பதற்கும் தடயம் இருக்கிறது. உயிருள்ள செடி, கொடிகளில் 'கார்பன்-14' என்ற அணு இருக்கும். கோடிக்கணக்கான வருடங்கள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அழிந்துபோயிருக்கும். கரும்புச்சாற்றில் தண்ணீர் கலந்தால் இனிப்பு நீர்த்துப்போவதுபோல, காற்றில் கார்பன்-14-ன் விகிதம் நீர்த்துப்போவதை 1950-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

'சூரியனே அதிகமாகச் சூடாகியிருந்தால்?' என்ற சந்தேகமும் நியாயமானதே. 1978-லிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளந்துவருகின்றன. அதில் ஏற்றம் எதுவும் இல்லை. சூரியன்தான் காரணம் என்றால், காற்று மண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். நடந்திருப்பதோ, கீழடுக்கு சூடாகி, மேலடுக்கு குளிர்ந்திருக்கிறது. போர்வை தடித்தால், உள்ளே புழுங்கும். வெளியே வரும் சூடு குறையும். அதுதான் நடக்கிறது.

சந்தேகப்பட்டவரே கணக்குப் பார்த்த கதை

''தெர்மாமீட்டரை டவுன்ல, தார் ரோட்டு ஓரத்துல வெச்சுட்டு, பூமி சூடாகிடுச்சுன்னா எப்படி?'' என்பது இன்னொரு கேள்வி. இதே கேள்வியைக் கேட்டவர், அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்டு முல்லர். வெப்பநிலைக் கணக்குகளில் குளறுபடி இருப்பதாக அவர் வெளிப்படையாகவே சந்தேகப்பட்டார். சந்தேகத்தோடு நின்றுவிடாமல், 2010-ல் ஒரு குழுவைச் சேர்த்து, கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்க இறங்கினார். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில், எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. அதனால், வெப்பமாதலை மறுத்தவர்கள் முடிவை ஆவலோடு எதிர்பார்த்தார்கள்.

உலகம் முழுக்க 39,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளை அந்தக் குழு அலசியது. நகரத்து நிலையங்களை ஒதுக்கிவிட்டு, கிராமப்புற நிலையங்களைத் தனியாகவும் பார்த்தது. 2011-ல் கிடைத்த விடை, வெப்பமாதல் உண்மை, பழைய கணக்குகள் சரி என்பதே. மறுவருடம், ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்களே என்று முல்லர் பத்திரிகையில் எழுதினார். சந்தேகப்படுவது தவறில்லை. ஆனால், சந்தேகப்பட்டவர் இவரைப்போலக் கணக்கைப் பார்க்க வேண்டும். வந்த விடையை ஏற்க வேண்டும்.

எதிர்த்தரப்பு சரியாகச் சொன்னதும் உண்டு

ஐ.நா-வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி, 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. ஆதாரம் இல்லாத வரி அது. நம் நாட்டுப் பனியாறு நிபுணர்கள் உட்படப் பலர் கேள்வி எழுப்பியதும், 2010 ஜனவரியில் அந்தக் குழு தவறை ஒப்புக்கொண்டது. பனியாறுகள் உருகிவருவது உண்மை. 2035 என்ற கெடுதான் பொய். ஒரு வரி தப்பு என்பதற்காக, மொத்தப் பத்திரமும் செல்லாது என்று ஆகிவிடாது.

அதேபோல, எதற்கெடுத்தாலும் 'காலநிலை மாற்றம்' என்று கைகாட்டுவதும் சரியில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மழை கூடுவதும் குறைவதும் வானத்தின் கையில். ஆனால், வந்த வெள்ளம் வடிய முடியாமல் வயலில் நின்றதற்கும், வறட்சியில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதற்கும் தூர்ந்துபோன வாய்க்கால், ஆக்கிரமிக்கப்பட்ட ஏரி, அள்ளப்பட்ட ஆற்று மணல், அளவில்லாமல் போட்ட போர்வெல் எல்லாம் பொறுப்பு. வெப்பமாதலின் மீது பழியைப் போட்டுவிட்டு, ஏரியைத் தூர்வாராமல் இருக்க யாருக்கும் அனுமதி இல்லை.

நெற்பயிர் சொல்லும் சாட்சி

பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். பயிர் என்ன சொல்கிறது?

பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில், 1979 முதல் 2003 வரை வெப்பநிலையைத் தொடர்ந்து குறித்து வந்தார்கள். அந்த 25 வருடங்களில் பகல் வெப்பம் 0.35 டிகிரிதான் கூடியது. இரவு வெப்பம் 1.13 டிகிரி கூடிவிட்டது. அதே பண்ணையில் 1992-லிருந்து எடுத்த மகசூல் கணக்கோடு இதை ஒப்பிட்டு 2004-ல் வெளியிட்டார்கள். கோடைப் போகத்தில், இரவு வெப்பம் 1 டிகிரி கூடும்போது, மகசூல் சுமார் 10 சதவிகிதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அங்கே தண்ணீருக்கோ, உரத்துக்கோ குறைவில்லை.

காரணம் எளிது. பயிர் பகலில் வெயிலைக் கொண்டு மாவுச்சத்தைச் சம்பாதிக்கிறது. இரவில் சுவாசிக்கும்போது, அதில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது. இரவு புழுக்கமாக இருந்தால் செலவு கூடும். சம்பாத்தியம் அதேதான்; மிச்சம் குறையும். மணிக்குப் போய்ச் சேர வேண்டியது காற்றில் போய்விடும். ஏக்கருக்கு 30 மூட்டை எடுப்பவருக்கு 10 சதவிகிதம் என்றால் 3 மூட்டை. சிறு விவசாயிக்கு லாபம் என்று நிற்பதே பெரும்பாலும் அந்த மூன்று மூட்டைதான்.

பகல் வெயில் வேறு விதமாக அடிக்கிறது. நெல் பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து நண்பகலுக்குள் பூத்து முடிக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால், ஒரு மணி நேரத்திலேயே மகரந்தம் பாதிக்கப்பட்டு, கருக்கட்டாமல் போகும். கதிர் நிமிர்ந்து, பார்க்க நன்றாக இருக்கும். அறுத்துத் தூற்றும்போதுதான் பதர் என்று தெரியும்.

கோதுமையும் தப்பவில்லை. 2022 மார்ச் மாதம், 1901-க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச். பஞ்சாப், ஹரியானாவில் கோதுமை பால் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. மணி சிறுத்து, விளைச்சல் குறைந்தது. அந்த ஆண்டு மே 13-ம் தேதி மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

'கரியமில வாயு பயிருக்குச் சாப்பாடுதானே?'

நன்றாகக் கவனித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆமாம், நெல், பருத்தி, நிலக்கடலை, பயறு வகைகள் கூடுதல் கரியமில வாயுவில் சற்று வேகமாக வளரும். மக்காச்சோளம், கரும்பு, சோளத்துக்கு இந்த லாபம் மிகக் குறைவு. ஆனால், அந்த வாயு தனியாக வருவதில்லை. வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. பூக்கும்போது கருகினால், தழை செழித்து என்ன பயன்? வயலில் உள்ள பல களைகளும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு வளரும். அரிசியில் புரதம், துத்தநாகம், இரும்புச்சத்து குறைவதும் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

பிறகு ஏன் இன்னும் சர்ச்சை?

விஞ்ஞானிகளுக்கிடையே இன்று நடக்கும் விவாதம், 'எவ்வளவு வேகத்தில், எந்தப் பகுதியில், எவ்வளவு மழை மாறும்?' என்பது பற்றித்தான். 'சூடாகிறதா, மனிதர் காரணமா?' என்ற கேள்வி முடிந்துவிட்டது. ஐ.பி.சி.சி-யின் 2021 அறிக்கை, இதில் ஐயத்துக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டது. வெளியே சர்ச்சை நீள்வதற்கு, வியாபாரமும் ஒரு காரணம். அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் சொந்த விஞ்ஞானிகளே 1970-களின் கடைசியிலும் 1980-களிலும் இந்த ஆபத்தை நிர்வாகத்துக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால், பின்னாளில் அந்த நிறுவனம் பொதுவெளியில் சந்தேகத்தைத்தான் வளர்த்தது.

''அவங்க எரிச்சதுக்கு நாங்க ஏன் அனுபவிக்கணும்?'' என்ற கோபம் நியாயமானது. ஓர் அமெரிக்கர் வருடத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். இந்தியரின் பங்கு சராசரியாக 2 டன். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் விவசாயியின் பங்கு அதைவிடக் குறைவு. அந்த நியாயத்தைக் கேட்க வேண்டிய இடம் உலக மாநாடுகள். ஆனால், தீர்ப்பு வரும்வரை பயிர் காத்திருக்காது.

இந்தப் போகத்திலேயே செய்யக்கூடியவை

பூக்கும் நாளைக் கணக்கிட்டு விதையுங்கள்: ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று விதைக்கும் நாளை மட்டும் பார்த்தால் போதாது. அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன்புதான் நெல் பூக்கும். 115 நாள் ரகம் என்றால் 85-வது நாள். உங்கள் பகுதியில் மார்ச் நடுவில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் என்றால், டிசம்பர் 20, அதாவது மார்கழி முதல் வாரத்துக்குள் நாற்றங்காலில் விதைத்துவிட வேண்டும். பத்து நாள் தள்ளிப்போனால், குறைந்த வயதுடைய ரகத்துக்கு மாறுங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலும்: 30 செ.மீ நீளமுள்ள குழாயில் சுற்றிலும் துளையிட்டு, பாதியை வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர், மண் மட்டத்திலிருந்து 15 செ.மீ இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். 30 சதவிகிதம் வரை தண்ணீர் மிச்சமாகும். வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மீத்தேன் வாயு வெளியேறுவதும் பாதியளவு வரை குறையும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் மட்டும் 5 செ.மீ தண்ணீர் நிற்கட்டும். அந்த நேரத்தில் காய விடக் கூடாது.

இடத்துக்கு ஏற்ற ரகம்: தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் வயலில் சம்பாவுக்கு சி.ஆர்-1009 சப்-1 போன்ற ரகங்கள் ஏற்றவை. வளர்ச்சிப் பருவத்தில் சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் மீண்டு வரும். மேட்டுப் பகுதியில் எல்லா நிலத்திலும் ஒரே பயிரை வைக்காமல், கொஞ்சமாவது சிறுதானியம், பயறு என்று பிரித்து விதையுங்கள்.

மண்ணை மூடி வையுங்கள்: தென்னை, காய்கறி, வாழையில் மட்டை, சருகு, வைக்கோல் கொண்டு மூடாக்கு போடுங்கள். வேர்ப்பகுதியின் சூடு தணியும், ஈரம் தங்கும். தாளை எரிக்காதீர்கள். மாட்டுக்கொட்டகைக்கும் இது பொருந்தும். கலப்பினப் பசுக்கள் வெப்பத்தில் தீனியைக் குறைத்து, பாலையும் குறைத்துவிடும். கூரை மீது ஓலை, எந்நேரமும் குடிதண்ணீர் இரண்டும் அவசியம்.

வாரம் இருமுறை வானிலை: செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிவிப்பு வெளியாகிறது. 'மேக்தூத்' செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். உரமிடுவது, மருந்தடிப்பதை அதற்கு ஏற்ப ஒரு நாள் தள்ளிவைத்தாலே செலவு மிச்சம்.

பயிர்க் காப்பீடு: பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரீஃப் உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவிகிதம், ராபி உணவுப் பயிர்களுக்கு 1.5 சதவிகிதம், பணப்பயிர், தோட்டப்பயிர்களுக்கு 5 சதவிகிதம் வரை மட்டுமே விவசாயி செலுத்த வேண்டும். உங்கள் வயலில் மட்டும் ஏற்பட்ட வெள்ள, ஆலங்கட்டிச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடைசித் தேதிவரை காத்திருந்து, அடங்கலுக்காக அலையாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்: இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு மழைமானி, அதிகபட்ச - குறைந்தபட்ச வெப்பநிலைமானி வாங்கி, தினமும் காலையில் குறித்து வையுங்கள். கூடவே விதைத்த நாள், பூத்த நாள், கிடைத்த மூட்டை, பதரின் அளவு ஆகியவற்றையும் எழுதுங்கள். இரண்டு, மூன்று பேர் சேர்ந்து ஊருக்கு ஒன்று வைத்தாலும் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆர்வமாகச் செய்வார்கள்.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்பார்கள். வெயில் விஷயத்தில் கணக்குப் பார்த்தால்தான் உழக்காவது மிஞ்சும். உங்கள் நோட்டில் ஐந்து வருடக் குறிப்பு இருந்தால், உங்கள் வயலுக்கு எந்த ரகம், எந்த வாரம் என்று வேளாண் அலுவலரோடு உட்கார்ந்து முடிவெடுக்கலாம். ரகம், பட்டம், காப்பீடு பற்றிச் சந்தேகம் இருந்தால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். எழுதும்போது, விதைத்த தேதியையும் பூத்த தேதியையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அந்த இரண்டு தேதியும் தெரிந்தால்தான் பதில் சரியாகச் சொல்ல முடியும்.